சிபேப் கருவியோடு உறங்கப் பழகுதல்: தொல்லை எது, காரணம் எது, செய்ய வேண்டியது எது

ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்று, மூளை உடலை உலுக்கி எழுப்பிய பிறகுதான் மீண்டும் வருகிறது. சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி அந்தப் பாதையை உள்ளிருந்தே திறந்து வைப்பது சிபேப் கருவியின் வேலை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-இல் இம்முறையை வெளியிட்டார்கள். கருவிகள் சிறுத்து, சத்தம் குறைந்து, தாமாகவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திறனும் வந்துவிட்டதே தவிர, அடிப்படை அன்றிருந்ததுதான்.

கருவியைக் கைவிடுபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் "காற்று வேகமாக அடிக்கிறது, அழுத்தம் தாங்கவில்லை" என்பதாக இருக்கும். இந்தக் கருவிகள் தரும் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரைதான். பத்து சென்டிமீட்டர் என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. உண்மையில் தொல்லை தருவது பெரும்பாலும் மாஸ்க்கின் இடுக்கில் சீறும் காற்று, அடைத்த மூக்கு, வறண்ட காற்று ஆகியவையே. பழியை அழுத்தம் சுமக்கிறது. ஆகவே எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் கசிவையும், அடுத்து மூக்கையும், பிறகு ஈரப்பதத்தையும் பாருங்கள். அதன் பின்னரே சௌகரியத்துக்கான அமைப்புகளுக்கு வாருங்கள். சிகிச்சை அழுத்தத்தை மாற்றுவது கடைசி. அதையும் உங்கள் உறக்கப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருக்கும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். ஒரே இரவில் நான்கு மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றை மாற்றி, மூன்று நான்கு இரவுகள் பொறுத்துப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

கருவியின் திரையிலோ அதற்குரிய செயலியிலோ மூன்று எண்கள் கிடைக்கும்: எத்தனை மணி நேரம் அணிந்திருந்தீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பவை. மூன்றாவது எண்ணை ஏஹெச்ஐ என்பார்கள். சிகிச்சை இல்லாதபோது அது 5 முதல் 15 வரை இருந்தால் லேசான நிலை, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம் என்று கொள்ளப்படுகிறது. கருவியோடு தூங்கும்போது 5-க்குக் கீழே இருக்க வேண்டும்.

கசிவு எண்ணைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. நாம் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதற்காக ஒவ்வொரு மாஸ்க்கிலும் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று போய்க்கொண்டேதான் இருக்கும். சில கருவிகள் இதையும் சேர்த்து மொத்தக் கசிவைக் காட்டுகின்றன, வேறு சில இதைக் கழித்துவிட்டுத் தேவையற்ற கசிவை மட்டும் காட்டுகின்றன. இரண்டாம் வகைக் கருவிகளில் பரவலாகப் பயன்படும் ஒன்றில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லை. ஆகவே வேறொருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். உங்கள் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுங்கள்.

மாஸ்க் ஓரத்தில் காற்று சீறுகிறது, கண்ணில் அடிக்கிறது

முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். மாஸ்க்கின் முன்புறத்திலோ குழாய் இணையும் முழங்கைப் பகுதியிலோ மெல்லிய காற்று வந்தால் அது மேலே சொன்ன துளைகளின் வேலை. அதை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. சிலிக்கான் குஷனுக்கும் தோலுக்கும் இடையே, அதிலும் மூக்குத் தண்டின் இரு பக்கங்களில் வருவதே கசிவு.

காற்று சீறியதும் எல்லோரும் பட்டையை இழுத்து இறுக்குகிறார்கள். இதில்தான் பாதி பேர் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. பெரும்பாலான குஷன்களின் ஓரம் இரண்டு படலங்களால் ஆனது. உள்ளே வரும் காற்று மெல்லிய வெளிப்படலத்தைப் பலூன்போல உப்பச் செய்து தோலோடு ஒட்ட வைக்கிறது. பட்டையை இறுக்கினால் அந்தப் படலம் நசுங்கி மடிப்பு விழுகிறது. மடிப்பு வழியே காற்று இன்னும் வேகமாகச் சீறுகிறது. நாம் இன்னும் இறுக்குகிறோம். விடிந்து பார்த்தால் கன்னத்தில் பட்டையின் தடம், மூக்கில் சிவப்பு, கசிவு மட்டும் அப்படியே.

சரியாகப் பொருத்தும் முறை இது. பட்டைகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நிலையில் பொருத்திய மாஸ்க், படுத்ததும் கன்னச் சதை நகர்வதால் இடம் மாறிவிடும். நீங்கள் வழக்கமாக எப்படிப் படுப்பீர்களோ அப்படியே படுத்து, கருவியை இயக்கி, அழுத்தம் இரவில் இருக்கும் அளவுக்கு ஏறிய பிறகு மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூரம் முன்னே இழுத்து, மெதுவாகத் திரும்ப அமர விடுங்கள். குஷன் தானாக விரிந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கீழ்ப் பட்டைகளை இரு பக்கமும் சமமாக, சிறிது சிறிதாக இழுங்கள். கசிவு நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். மேற்பட்டையைக் கடைசியில் சரிசெய்யுங்கள். கண்ணில் காற்று அடிப்பது பெரும்பாலும் அதனோடு தொடர்புடையது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் தலையணை மாஸ்க்கின் சட்டத்தைத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். மாஸ்க் உள்ள பக்கம் தலையணை விளிம்புக்கு வெளியே இருக்குமாறு சற்று நகர்ந்து படுத்தாலே பல கசிவுகள் நின்றுவிடும்.

முன்னிரவில் சரியாக இருந்து பின்னிரவில் மட்டும் கசிந்தால், முகத்தின் எண்ணெய்ப் பசையைச் சந்தேகப்படுங்கள். படுக்கும் முன் முகத்தைக் கழுவித் துடைத்துவிட வேண்டும்; குஷனை நாள்தோறும் காலையில் மென்மையான சோப்பு நீரில் கழுவி, வெயில் படாத இடத்தில் உலர்த்த வேண்டும். தாடி இருந்தால் குஷன் தோலில் அமராது. அத்தகையவர்களுக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் பில்லோ வகை மாஸ்க் ஒத்துவரக்கூடும். இவ்வளவு செய்தும் நிற்காவிட்டால் அளவு தவறு என்று பொருள். ஒரே மாடலில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. முதலில் கொடுத்த மாஸ்க்கோடு ஆயுள் முழுக்கப் போராட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை, மாற்றிக் கேளுங்கள்.

காலையில் வாயும் தொண்டையும் காய்ந்து போகின்றன

கருவியின் நீர்த்தொட்டியிலிருந்து காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஈரப்பதமூட்டியின் அளவை உடனே கூட்டத் தோன்றும். அது ஓரளவு உதவும். ஆனால் மூக்கு மாஸ்க் அணிபவருக்கு வாய் மட்டும் காய்கிறது என்றால், தூக்கத்தில் வாய் திறந்து, மூக்கு வழியே போன காற்று வாய் வழியே வெளியேறுகிறது என்பதுதான் முதல் சந்தேகம். கசிவு எண் அதைக் காட்டிக்கொடுக்கும். மாஸ்க் ஓரத்தில் சீறல் இல்லை, எண் மட்டும் எகிறுகிறது என்றால் கசிவது வாய் வழியாகத்தான்.

அடுத்து, வாய் ஏன் திறக்கிறது என்று கேட்க வேண்டும். மூக்கு அடைத்திருப்பதால் திறந்தால் மூக்கைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. மூக்கு திறந்திருந்தும் தாடை தொங்குகிறது என்றால் தாடைப் பட்டையை முயன்று பார்க்கலாம். சிலருக்கு அது பலன் தரும், சிலருக்குத் தராது. அதிலும் சரியாகாவிட்டால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க்குக்கு மாறலாம். வாயில் ஒட்டும் நாடாவை ஒட்டிக்கொள்வது இப்போது பரவலாகிவருகிறது. மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் குமட்டல், வாந்தி வரக்கூடியவர்களுக்கும் அது ஆபத்தானது; மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இதே காரணத்தால், தாமாக மாஸ்க்கைக் கழற்ற இயலாதவர்களுக்கு முழு மாஸ்க் போட்டுவிட்டுத் தனியே விடவும் கூடாது.

மூக்கு அடைக்கிறது, ஒழுகுகிறது, ரத்தக் கசிவு தெரிகிறது

மணிக்கணக்காகப் பாயும் காற்று மூக்கின் உட்சவ்வை உலர்த்துகிறது. உலர்ந்த சவ்வு வீங்கி அடைக்கிறது, அல்லது நீராக ஒழுகுகிறது, அல்லது வெடித்துச் சிறிது ரத்தம் காட்டுகிறது. வாய் வழியே காற்று கசிந்தால் மூக்கு வழியே ஓடும் காற்றின் அளவு கூடி இந்த உலர்வு மேலும் மோசமாகிறது. அதாவது அடைப்பால் வாய் திறக்கிறது, வாய் திறப்பதால் அடைப்பு கூடுகிறது. இந்தச் சுழலை உடைக்க ஈரப்பதமூட்டியை ஒரு படி கூட்டுங்கள். வெதுவெதுப்பூட்டும் குழாய் இருந்தால் பயன்படுத்துங்கள். படுக்கும் முன் உப்புநீர் ஸ்பிரேயால் மூக்கைக் கழுவுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே தரக்கூடும். அதன் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால் இரண்டே நாளில் நிறுத்திவிட வேண்டாம்.

அடைப்பை நிமிடத்தில் திறக்கும் சொட்டு மருந்துகள் வேறு வகை. அவற்றைத் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்பைவிட இறுக்கமாக அடைக்கத் தொடங்கும். மூக்கினுள் வாஸ்லைன் போன்ற எண்ணெய்ப் பொருள்களைத் தடவுவதையும் தவிர்க்க வேண்டும். அவை சிலிக்கானைக் கெடுக்கும். சளி பிடித்து மூக்கு முழுவதும் மூடிய நாட்களில், காது வலியோ முகத்தில் வலியோ சேர்ந்தால், கருவியைத் தொடர்வது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

குழாயில் தண்ணீர் கடகடக்கிறது, முகத்தில் துளி விழுகிறது

வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. கருவியைப் படுக்கை மட்டத்துக்குக் கீழே வையுங்கள்; நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். குழாயைப் போர்வைக்குள் விட்டோ அதற்குத் துணி உறை போட்டோ குளிராமல் காக்கலாம். அதற்குப் பிறகும் நீர் சேர்ந்தால் ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள். தொட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, நாள்தோறும் மாற்றுங்கள். நீர் உள்ளபோது கருவியைச் சாய்த்துத் தூக்க வேண்டாம். மோட்டாருக்குள் நீர் போய்விடும்.

மூச்சு முட்டுகிறது

இந்த ஒரே சொல்லால் மூன்று வேறு தொல்லைகளைச் சொல்கிறார்கள். எது உங்களுடையது என்று பிரித்தறிந்தால்தான் தீர்வு கிடைக்கும்.

கண் மூடும் முன், தொடக்கத்திலேயே காற்று போதவில்லை, இழுத்தாலும் வரவில்லை என்று தோன்றுவது ஒன்று. இங்கே அழுத்தம் மிகக் குறைவு என்பதே காரணமாக இருக்கலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ராம்ப் என்னும் அமைப்பு, தூங்கத் தொடங்கும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைவாக வைத்துப் படிப்படியாக ஏற்றுகிறது. தொடக்க அளவு 4 என்று இருந்தால் வளர்ந்த ஒருவருக்கு அது பெரும்பாலும் பற்றாது. தொடக்க அளவை 5, 6 என்று உயர்த்தித் தரும்படியோ ராம்ப் நேரத்தைச் சுருக்கித் தரும்படியோ கேளுங்கள்.

மூச்சை வெளிவிடும்போது எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பது இரண்டாவது. மூச்சை விடும் கணத்தில் மட்டும் அழுத்தத்தைச் சிறிது தணிக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. 1 முதல் 3 வரை படிகளாக இருக்கும். ஒரு படி வைத்துப் பாருங்கள். மூச்சை வேண்டுமென்றே ஆழமாக இழுப்பதை நிறுத்தி, இயல்பாக விட்டுவிடுவதும் இங்கே அவசியம்.

நள்ளிரவில் திடுக்கிட்டு விழித்து, மாஸ்க்கைப் பிடுங்கி எறியத் தோன்றுவது மூன்றாவது. அப்போது கருவி உச்ச அழுத்தத்தில் இருக்கும், கசிவும் சேர்ந்திருக்கும். பல கருவிகளில் ராம்ப் பொத்தானை மீண்டும் அழுத்தினால் அழுத்தம் இறங்கிவிடும். அது முடியாவிட்டால் கருவியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். மறுநாள் அந்த நேரத்தின் கசிவு வரைபடத்தைப் பாருங்கள். மின்சாரம் நின்றால் மூச்சு அடைத்துவிடுமோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. முழு மாஸ்க்கில் அழுத்தம் நின்றதும் வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது; மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்தே இருக்கிறது.

மாஸ்க்கை எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது

மூடிய அறையில் அஞ்சுபவர்களுக்கும் முன்பு எப்போதாவது மூச்சுத் திணறி அவதிப்பட்டவர்களுக்கும் இது வரும். மனவலிமை இல்லாததால் வருவதென்று வீட்டில் உள்ளவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். இது பழக்கத்தால் தணியக்கூடிய அச்சம். பகலில், விழித்திருக்கும்போது, பட்டை போடாமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் வைத்துச் சில நிமிடங்கள் மூச்சு விடுங்கள். வேண்டியபோது எடுத்துவிட முடியும் என்று கைக்குத் தெரிய வேண்டும். அது இயல்பான பிறகு பட்டையோடு, அடுத்து காற்றோடு, டிவி பார்த்துக்கொண்டோ படித்துக்கொண்டோ அரை மணி நேரம் அணிந்திருங்கள். அதன் பிறகு பகல் குட்டித் தூக்கம், கடைசியில் இரவு. ஒரு படியில் பதற்றம் எழுந்தால் முந்தைய படிக்குத் திரும்பி, அங்கே நிதானமான பிறகு மேலே வாருங்கள். மாஸ்க்கையோ குழாயையோ நொடியில் விடுவிக்கும் விரைவுக் கழற்றியைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பழகுவது பெரிய துணை. முகத்தில் குறைவாகப் படும் பில்லோ வகை மாஸ்க் இவர்களுக்கு ஏற்றது.

காலையில் பார்த்தால் மாஸ்க் தரையில் கிடக்கிறது

தூக்கத்தில் கை தானாகக் கழற்றியிருக்கிறது. தொடக்கத்தில் இது இயல்பே. ஆனால் அலட்சியமாக விடக் கூடாது: கனவுத் தூக்கம் விடியலை ஒட்டிய நேரத்தில் கூடுதலாக வருகிறது, பலருக்கு மூச்சுத் தடையும் அந்தத் தூக்கத்தில்தான் மோசமாகிறது. முன்னிரவில் நான்கு மணி நேரம் அணிந்து பின்னிரவில் கழற்றிவிடுபவர், மிகத் தேவையான நேரத்தில் சிகிச்சையை இழக்கிறார். எந்த நேரத்தில் கழன்றது என்று பதிவில் பார்த்து, அதற்குச் சற்று முன் கசிவோ அழுத்தமோ ஏறியதா என்று தேடுங்கள். கருவியில் மாஸ்க் கழன்றால் ஒலிக்கும் எச்சரிக்கை இருந்தால் இயக்கிவிடுங்கள். விழிப்பு வந்தபோதெல்லாம், எந்த நேரமானாலும், திரும்ப அணிந்துகொள்ளுங்கள்.

வயிறு உப்புகிறது, ஏப்பம் வருகிறது

காற்று உணவுக்குழாயில் இறங்கியிருக்கிறது. தலைப்பக்கத்தை உயர்த்துவது, ஒருக்களித்துப் படுப்பது, படுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை முடிப்பது ஆகியவை உதவும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். அதற்கும் சிகிச்சை வேண்டும். மூச்சை வெளிவிடும்போது அழுத்தம் தணிக்கும் வசதியையும் முயலலாம். இவை போதாவிட்டால் அழுத்தத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய இடம் இதுவே.

மூக்குத் தண்டில் புண், கன்னத்தில் தடம்

பட்டை இறுக்கமே முதற்காரணம். பொருத்தும் முறையை மீண்டும் செய்யுங்கள். தோலுக்கும் குஷனுக்கும் இடையே வைக்கும் துணி உறைகள் கிடைக்கின்றன. எழுந்து ஒரு மணி நேரத்தில் தடம் மறைந்தால் கவலையில்லை. தோல் உரிந்தால் அந்த இடத்தில் படாத வேறு வகை மாஸ்க்குக்கு மாறியாக வேண்டும். சில மாஸ்க்குகளின் பட்டைக் கொக்கிகளில் காந்தம் உண்டு. உடலில் பேஸ்மேக்கர் போன்ற சாதனம் பொருத்தியவர்களும் அவர்கள் அருகில் தூங்குபவர்களும் காந்தமில்லாத மாடலையே வாங்க வேண்டும்.

எண்கள் நன்றாக உள்ளன, ஆனாலும் பகலில் தூக்கம் வருகிறது

எத்தனை மணி நேரம் அணிகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். ஏஹெச்ஐ 2 என்று காட்டும்; அது மாஸ்க் இருந்த நான்கு மணி நேரத்துக்கான கணக்கு, கழற்றிய பின் நடந்தது அதில் இல்லை. முழு இரவும் அணிந்தும் சோர்வு தொடர்ந்தால், நெடுநாள் தூக்கக் குறை தீரச் சில வாரங்கள் ஆகலாம் என்று பொறுத்திருக்கலாம். அதற்கு மேலும் நீடித்தால் தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, உட்கொள்ளும் மருந்துகள், போதிய நேரம் தூங்காமை ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். இந்தச் சோர்வு தீரும்வரை வண்டி ஓட்டாதீர்கள். இதில் சமரசம் கூடாது.

கருவி அணிந்தும் ஏஹெச்ஐ 5-க்கு மேலேயே நிற்கிறது

கசிவு அதிகமாக இருந்தால் கருவியின் கணக்கே தவறலாம். அதைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள். மல்லாந்து படுப்பது, மது, தூக்க மாத்திரை ஆகிய மூன்றும் இந்த எண்ணை ஏற்றும். இவை எதுவும் இல்லையென்றால் பதிவில் எந்த வகை மூச்சு நிறுத்தம் எனப் பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். பாதை அடைத்து நிற்பவை மிகுதி என்றால் அழுத்தம் போதவில்லை. பாதை திறந்திருந்தும் மூளையிலிருந்து கட்டளை வராமல் நிற்பவை மிகுதி என்றால், அழுத்தத்தைக் கூட்டுவது நிலைமையைக் கெடுக்கலாம். சிகிச்சை தொடங்கிய பின் புதிதாகத் தோன்றும் இவ்வகை நிறுத்தங்கள் பலருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களில் தாமாகவே குறைகின்றன. குறையாவிட்டால் வேறு வகைக் கருவி தேவைப்படலாம். அவற்றில் மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைத் தானாக மாற்றும் ஏஎஸ்வி என்ற ஒன்று, இதயச் செயலிழப்பும் 45 விழுக்காடோ அதற்குக் குறைவோ இதய வெளியேற்ற அளவும் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் விகிதம்) கொண்டவர்களுக்கு ஆபத்தானது என்று 2015-இல் வெளியான செர்வ்-எச்எஃப் ஆய்வு காட்டியது. எனவே இதயநோய் உள்ளவர்கள் கருவியை மாற்றும் முன் அதை உறக்க மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

குழாயில் கருந்துகள், புதிய வாடை, புதிய சத்தம்

கருவியின் பின்புற வடிகட்டி அழுக்கேறி அடைத்திருந்தால் மோட்டார் இரைச்சல் கூடும், மாற்றுங்கள். கருந்துகள் தெரிந்தால் கருவியை நிறுத்திவிட்டு விற்பனையாளரைக் கேளுங்கள். சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்பதற்காக, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் பலவற்றைத் திரும்பப் பெற்றது. பழைய கருவியை வாங்குபவர்கள் அதன் வரிசை எண் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். சோப்பும் நீரும் போதும்.

பல மாதங்கள் நன்றாக இருந்து, திடீரென்று பழைய குறட்டை திரும்புகிறது

குஷனை விரலால் அழுத்திப் பாருங்கள். புதிதாக இருந்தபோது இருந்த துள்ளல் போய்த் தொய்ந்திருந்தால் அதை மாற்றுங்கள். பட்டையின் நெகிழ்ச்சி போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். குழாயில் பொத்தல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். இவை மூன்றும் சரி என்றால் உங்கள் எடை, புதிதாகத் தொடங்கிய மருந்துகள், மூக்கின் நிலை ஆகியவற்றில் எது மாறியது என்று குறித்துக்கொண்டு, கடந்த ஒரு மாதப் பதிவோடு மருத்துவரைப் பாருங்கள். எடை கூடினால் தேவைப்படும் அழுத்தமும் பெரும்பாலும் கூடும், குறைந்தால் குறையும். பழைய அளவே என்றென்றைக்கும் பொருந்தும் என்பதில்லை.